‘ஃபைலைக் காட்ட முடியாது’ என்றால்: வடசென்னையில் பழைய அரசு ஆவணம் தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

குடிசைமாற்று வாரிய வீட்டின் பழைய ஒதுக்கீட்டு ஆணை, திருவொற்றியூரில் தாத்தா காலத்தில் அரசு எடுத்த நிலத்தின் கோப்பு, எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடம், துறைமுக விரிவாக்கத்துக்காகக் காலி செய்த குப்பத்தின் பட்டியல். வடசென்னையில் பழைய காகிதம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒன்றுக்காகத்தான் அலைகிறார்கள். கவுன்டரில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “அதெல்லாம் வெளியாளுக்குக் காட்ட மாட்டோம்.”

அந்தப் பதிலோடு சண்டை போடப் போய்த்தான் புதியவர்கள் நேரத்தைத் தொலைக்கிறார்கள். வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (சுருக்கமாகத் தகவல் உரிமைச் சட்டம்) கீழ் எழுத்தில் மனு போடுவதுதான் வழி; கீழே சட்டப் பெயர் இல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் அந்தச் சட்டத்தினுடையவை. எந்த அலுவலகம், எந்தக் கோப்பு, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்ற மூன்றும் இதே வரிசையில் எழுத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரிசையை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்துதான் வர வேண்டும்.

1. காகிதம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

வடசென்னையில் இது கொஞ்சம் சிக்கலான கணக்கு. இன்று திருவொற்றியூரும் மாதவரமும் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் 2018-இல்தான் அவை திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தன. திருவள்ளூர் மாவட்டமே 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து உருவானது. ஆகவே 1985-ஆம் ஆண்டின் திருவொற்றியூர் நில எடுப்புக் கோப்பைத் தேடி ராஜாஜி சாலையிலுள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் எழுதினால் “எங்களிடம் இல்லை” என்றுதான் பதில் வரும். அவர்கள் மறைக்கிறார்கள் என்று பொருளில்லை. காகிதம் திருவள்ளூரில் இருக்கலாம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமான காஞ்சிபுரத்தில் இருக்கலாம், இடம் மாற்றும்போது நடுவில் எங்காவது தங்கியும் இருக்கலாம்.

உள்ளாட்சிக் காகிதத்துக்கும் இதே கதைதான். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய நகராட்சித் தீர்மானங்களையும் சொத்துவரிப் பதிவேடுகளையும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு எழுதிக் கேட்பதைவிட, இன்றைய மண்டல அலுவலகத்தில் கேட்பதே பலன் தரும். பழைய நகராட்சிகளின் பதிவறை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்து, மாநில அரசா மத்திய அரசா என்று பாருங்கள். துறைமுகம், சுங்கம், ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), மணலி சுத்திகரிப்பு ஆலை ஆகியவை மத்தியப் பக்கம். வருவாய்த் துறை, மாநகராட்சி, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசைமாற்று வாரியம் ஆகியவை மாநிலப் பக்கம். கட்டணம் கட்டும் முறை, இணையதளம், இரண்டாம் மேல்முறையீடு போகும் ஆணையம் எல்லாமே இதை வைத்துத்தான் மாறும்.

சில காகிதங்கள் இரண்டு பக்கமும் இருக்கும். கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் அப்படிப்பட்டது: மாநிலம் தயாரித்தது, 1996-இல் மத்திய அமைச்சகம் ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்டதை இரு இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் மறைத்தாலும் மறுபக்கம் கொடுக்கலாம். இரண்டும் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம்.

2. கோப்பு எண்ணைப் பிடியுங்கள்

“எங்கள் தெரு பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்” என்று எழுதினால், தேடித் தொகுக்க ஆளில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எண் குறிப்பிட்டுக் கேட்டால் அந்த வரி எழுத முடியாது.

எண் எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் உள்ள பழைய நோட்டீஸின் மேல் இடது மூலையில் ‘ந.க.’ என்று தொடங்கும் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதுதான் கோப்பு எண். கீழே ‘பார்வை’ என்ற தலைப்பில் அரசாணை எண்களும் முந்தைய கடித எண்களும் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நோட்டீஸிலும் அதே கோப்பு எண் இருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே தெருவில் நாலு பேரிடம் கேட்பது வீண் போகாது.

வருவாய்த் துறைக் கோப்பு முடிக்கப்படும்போது அதற்கு ஒரு முடிவு வகை தருவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஓர் ஆண்டு. இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், பின்னால் “ஃபைலை அழித்துவிட்டோம்” என்று சொல்லும்போது அது உண்மையாக இருக்க முடியுமா என்பதை இந்த எழுத்துகளே காட்டிக்கொடுக்கும். ஆர்.டிஸ். கோப்பை அழித்தேன் என்று ஒருவர் எழுத்தில் தந்தால், அவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்.

எண்ணே கிடைக்கவில்லையா? அப்படியானால் முதல் மனுவில் கோப்பைக் கேட்காதீர்கள். குறிப்பிட்ட ஆண்டுக்கான தன்பதிவேடு, பகிர்மானப் பதிவேடு ஆகியவற்றைப் பார்வையிட மட்டும் கேளுங்கள். எந்த எண்ணில் என்ன கோப்பு தொடங்கப்பட்டது, எப்போது முடிந்தது என்பது அதில் இருக்கும். இரண்டாவது மனுவில் கோப்பைக் கேளுங்கள். சுற்று வழி மாதிரி தெரியும், ஆனால் இதுதான் சீக்கிரம் போய்ச் சேரும்.

3. தகவல் உரிமை மனுவே தேவைப்படாத காகிதங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம் போன்றவை 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் இருக்கும் 3-ஆம் புத்தகமும், அசையாச் சொத்து சாராத ஆவணங்கள் இருக்கும் 4-ஆம் புத்தகமும் எல்லோருக்கும் திறந்தவை அல்ல. உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும்தான் வாங்க முடியும். காலமான பிறகு யாரும் கேட்கலாம். இதற்கெல்லாம் தகவல் மனு போட்டால், நகல் மனு போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மாதம் போனதுதான் மிச்சம்.

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் வேறு வகை. தலைமைச் செயலகத் துறைகளின் பழைய அரசாணைகள், 1980-இல் கலைக்கப்பட்ட வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் எல்லாம் அங்கே. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்பவர் என்றால் துறையின் பரிந்துரைக் கடிதத்தோடும் அடையாள அட்டையோடும் போய் ஆய்வாளராகப் பதிந்துகொள்வதே நல்ல வழி. துறைப் பெயர், அரசாணை எண், தேதி மூன்றும் தயாராக இருக்கட்டும். வெள்ளையர் காலத்தில் சார்புச் செயலரின் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த ரகசியக் கோப்புகள்கூட இன்று அங்கே ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் ஆவணமாகிவிட்டன. ‘ரகசியம்’ என்ற முத்திரை என்றென்றைக்கும் நிற்பதில்லை.

ஆய்வாளர் அல்லாத சாதாரணக் குடிமக்கள் காப்பகத்துக்கும் தகவல் உரிமை மனு போடலாம். அதுவும் ஓர் அரசுத் துறைதான்.

4. மனு எழுதும் முறை

மாநில அலுவலகம் என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அலுவலகம் என்றால் வில்லை செல்லாது, தபால் ஆர்டரோ இணையவழிக் கட்டணமோ வேண்டும். துறைமுகத்துக்கு வில்லை ஒட்டி அனுப்பிவிட்டு, ‘கட்டணம் இணைக்கப்படவில்லை’ என்று திரும்பி வந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 6(2) பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது. நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். குடும்பக் கதை, அநியாயம், அதிகாரியின் அலட்சியம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு ஓடி, கடைசி வரியில்தான் கோரிக்கை வரும். கதையை வெட்டுங்கள். ‘ஏன் பட்டா தரவில்லை?’ என்று கேள்வியாகவும் கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் சட்டம் விதிக்கும் கடமை, விளக்கம் சொல்வது அல்ல. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோரிக்கை இப்படி இருக்கட்டும்: “ந.க. எண் இன்னது, ஆண்டு இன்னது. இக்கோப்பின் குறிப்புக் கோப்பையும் நடப்புக் கோப்பையும் முழுமையாகப் பார்வையிட்டு, நான் தேர்ந்தெடுக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் பெற வேண்டுகிறேன்.” குறிப்புக் கோப்பு என்ற சொல்லை விடாதீர்கள். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதும், உண்மையான காரணமும் அதில்தான் இருக்கும். சொல்லாவிட்டால் நடப்புக் கோப்பில் உள்ள, வெளியே போன கடிதங்களை மட்டும் நீட்டுவார்கள்.

கடைசியில் ஒரு வரி சேருங்கள்: “ஏதேனும் ஒரு பகுதியைத் தர இயலாது என்றால், 10-ஆம் பிரிவின்படி அப்பகுதியை மட்டும் நீக்கி மற்றதைத் தரவும், நீக்கியதற்கான பிரிவையும் காரணத்தையும் குறிப்பிடவும்.” ஒரு பக்கத்துக்காக மொத்தக் கோப்பையும் மூடி வைப்பதை இந்த வரி தடுக்கும். ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள், இல்லை நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்துதான் தொடங்கும்.

5. மறுப்பு வந்தால் அதில் உள்ள பிரிவை மட்டும் பாருங்கள்

பதிலுக்குக் கெடு 30 நாள். மூன்றாம் நபர் தொடர்பான தகவல் என்றால் 11-ஆம் பிரிவின்படி அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும், அப்போது 40 நாள். மறுக்கும் கடிதத்தில் காரணமும், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதும் இருக்க வேண்டும். ‘மந்தணம் (ரகசியம்) என்பதால் இயலாது’, ‘துறை ஆவணம் என்பதால் இயலாது’ என்று பிரிவே குறிப்பிடாமல் வந்தால் அது சட்டப்படியான மறுப்பே அல்ல. மேல்முறையீட்டில் அதுவே முதல் வாதம்.

பிரிவு குறிப்பிட்டிருந்தால் நிதானமாகப் படியுங்கள்.

8(1)(ஏ) என்றால் நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு, பொருளாதார நலன் போன்றவை. துறைமுகக் காகிதங்களுக்கு அடிக்கடி இதைத்தான் காட்டுவார்கள். இன்றைய பாதுகாப்பு ஏற்பாட்டு வரைபடம் என்றால் நியாயம்தான், மல்லுக்கு நிற்காதீர்கள். ஆனால் குப்பத்து மக்களுக்குத் தந்த இழப்பீட்டுப் பட்டியலுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். 19(5) பிரிவின்படி மறுப்பை நியாயப்படுத்தும் சுமை அலுவலருடையது.

8(1)(டி) வணிக ரகசியம். தொழிற்சாலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தந்த அறிக்கைகளுக்கு இதைச் சொல்வார்கள். தயாரிப்பு முறை ரகசியமாக இருக்கலாம். புகைபோக்கியிலிருந்து என்ன வெளியேறியது என்பது ரகசியம் ஆகாது. அந்த அளவீட்டுப் பக்கங்களை மட்டும் பிரித்துக் கேளுங்கள்.

8(1)(எச்) விசாரணை நடப்பதாகச் சொல்வது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் வெளியானால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும். தில்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் வழக்கில் சொன்னது இது.

8(1)(ஜே) தனிநபர் தகவல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவைத் திருத்தி மறுப்பை எளிதாக்கிவிட்டது. பொதுநலன் பற்றி அதற்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. ஆனாலும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம். இனி 8(2)-ஐ நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், காரணத்தோடு. அடுத்தவர் ஆதார் எண், நோய் விவரம், போலீசுக்குத் துப்பு சொன்னவர் பெயர் போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவற்றைத் தராமல் இருப்பதுதான் சரி. அந்த வரிகளை மறைத்துக் கொடுங்கள் என்று நீங்களே முன்வந்து எழுதினால் மேல்முறையீட்டில் உங்கள் மேல் மதிப்பு கூடும்.

அலுவலக ரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டினால், தகவல் உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதற்கு மேலே நிற்கிறது என்று எழுதுங்கள். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு 24-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார் என்றால் அந்த விலக்கும் முழுமையாகப் பொருந்தாது.

6. இருபது ஆண்டுக் கணக்கு

பழைய காகிதம் கேட்பவர் கையில் உள்ள வலுவான ஆயுதம் 8(3) பிரிவு. பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். மனு போட்ட நாளுக்கு இருபது ஆண்டுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவல் என்றால், 8(1)-இல் உள்ள (ஏ), (சி), (ஐ) ஆகிய மூன்றைத் தவிர மற்ற காரணங்கள் செல்லாது. பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவைக் காகிதங்கள், இவை மூன்றுதான் எஞ்சும். வணிக ரகசியம், தனிநபர் தகவல், விசாரணை எல்லாம் கழன்றுவிடும்.

அதனால் மனுவிலேயே நிகழ்வின் தேதியைப் போடுங்கள்: “14.3.1994 தேதியிட்ட அறிவிக்கை தொடர்பான கோப்பு” என்பதுபோல. தேதி இல்லாவிட்டால் இருபது ஆண்டு ஆனதா என்று வாதாடவே முடியாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கோப்பு இருந்தால் தர வேண்டும் என்கிறது 8(3), கோப்பை இருபது ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

மத்திய அலுவலகங்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் உண்டு. மந்தண முத்திரை உள்ள கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்படுவதில்லை. முத்திரை இல்லாத, முப்பது ஆண்டு கடந்த கோப்புகளை அங்கே ஆய்வாளர்கள் பார்க்கலாம். ஆகவே ‘காப்பகத்துக்கு அனுப்பிவிட்டோம்’ என்று மத்திய அலுவலகம் சொன்னால், ஒப்படைப்புப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் கோப்பு இன்னும் அவர்கள் பீரோவிலேயே இருக்கலாம். மாநிலத் துறைகள் எழும்பூரைக் கை காட்டும்போதும் இதையே கேளுங்கள்.

7. ‘கோப்பு கிடைக்கவில்லை’

‘காட்ட முடியாது’ என்பதைவிட இது மோசம், ஏனென்றால் எதிர்த்து வாதாட ஒன்றுமே இருக்காது. ஆனால் ‘காணவில்லை’ என்பது 8-ஆம் பிரிவில் எந்த இடத்திலும் விலக்காக இல்லை. 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம் விஷ்வாஸ் பம்புர்க்கர் வழக்கில், கோப்பு இல்லை என்று கைவிரிப்பது போதாது, தீவிரமாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்றது.

அடுத்த மனுவில் மூன்று காகிதம் கேளுங்கள்: அந்தக் கோப்பு எண் வரும் தன்பதிவேட்டுப் பக்கம், பதிவறையில் கோப்பை வாங்கியவர் கையெழுத்திட்ட பக்கம், அழிக்கப்பட்டது என்றால் அழிப்புப் பதிவேட்டுப் பக்கமும் அதற்கான உத்தரவும். இவற்றைத் தேடும்போதே கோப்பு ‘தற்செயலாக’ கிடைத்துவிடுவது உண்டு. பதிவறை எழுத்தரிடம் மரியாதையாகப் பேசுங்கள். தூசியில் நிற்பவர் அவர், மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர்.

அப்படியும் இல்லை என்றால், பிரதி இருக்கும் வேறு அலுவலகம் எது என்று யோசியுங்கள். அரசாணையின் அடியில் ‘பெறுநர்’, ‘நகல்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ள ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பிரதி இருந்திருக்க வேண்டும்.

8. பார்வையிடும் நாளில்

முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை, அப்புறம் சிறு கட்டணம். தனியாகப் போகாதீர்கள், படிக்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலால் குறிப்பெடுங்கள். போனில் படம் எடுக்க வேண்டும் என்றால் முன்பே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே போய்த் திடீரென்று எடுத்தால் சண்டையாகி, பார்வையிடலே நின்றுபோகும்.

முதலில் படிக்காதீர்கள், பக்க எண்களைச் சரிபாருங்கள். 47-க்கு அடுத்து 52 வந்தால் அதைக் குறித்து, ‘பக்கம் 48 முதல் 51 வரை பார்வைக்குத் தரப்படவில்லை’ என்று எழுதி அலுவலரிடம் ஒப்புகை வாங்குங்கள். வெளியே வந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு வேண்டிய பக்கங்களைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். மாநில அலுவலகத்தில் சாதாரண நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். சான்றிட்ட நகல் என்று மறக்காமல் எழுதுங்கள், வெறும் ஜெராக்ஸ் நீதிமன்றத்தில் அவ்வளவாக உதவாது.

9. மேல்முறையீடு

மறுப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள், பதிலே வராவிட்டால் கெடு முடிந்த 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள்வரை அவகாசம். மனுவில் கேட்காத புதிய ஆவணத்தை மேல்முறையீட்டில் சேர்க்காதீர்கள், அதை வைத்தே மொத்தத்தையும் தள்ளுவார்கள். அடுத்து 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மாநிலம் என்றால் மாநில ஆணையம், மத்தியம் என்றால் மத்திய ஆணையம்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. கோபத்தில் பலர் 18-ஆம் பிரிவின் கீழ் புகார் மனு போடுகிறார்கள். அதில் அலுவலருக்கு அபராதம் கிடைக்கலாம், நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. ஆனால் 18-ஆம் பிரிவின் கீழ் ஆவணத்தைத் தரச் சொல்லி ஆணையம் உத்தரவிட முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதம்தான் வேண்டும் என்றால் 19(3)-இன் கீழ் இரண்டாம் மேல்முறையீட்டுக்கே போங்கள். அபராதத்தையும் அதிலேயே கேட்கலாம்.

இரண்டாம் மேல்முறையீட்டோடு முதல் மனு, ஒப்புகை, மறுப்புக் கடிதம், முதல் மேல்முறையீடு, அதன் உத்தரவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் பக்க எண் போட்டு இணையுங்கள். விசாரணைக்குப் போகும்போது பேச ஒரே கேள்வி போதும்: எந்தப் பிரிவு, அந்தப் பிரிவு இந்தப் பக்கத்துக்கு எப்படிப் பொருந்தும்? கெடு தாண்டி நகல் தருகிறார்கள் என்றால் 7(6) பிரிவின்படி நகல் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை, அதையும் அங்கேயே கேட்டு உத்தரவில் எழுத வையுங்கள்.